நீல நாடாவும் ஏழாம் அதிகாரமும்

1957 ஜூன் 12, புதன்

பங்குச் சாமியார் இன்று பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். தையல் வகுப்பில் முப்பது பிள்ளைகள் ஊசியும் கையுமாக எழுந்து நிற்க, "உக்காருங்க, உக்காருங்க, யாராச்சும் குத்திக்கப் போறீங்க" என்றார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஒரு கைப்புத்தகம் வேண்டுமாம். வாலிபப் பிள்ளைகளை நடத்துகிறவர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும். பிரெஞ்சில் வண்டி வண்டியாக இருக்கிறது, தமிழில் ஒன்றும் இல்லை. பிரெஞ்சுக்காரன் போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அவன் பாஷையில் புத்தி சொன்னால் நம் தாய்மாருக்கு எப்படி ஏறும் என்கிறார்.

"நீங்கதான் எழுதணும், விக்தோரின். பதினாறு வருஷமா மரியாயின் பிள்ளைகள் சபைய நடத்துறீங்க. உங்கள விட்டா யாரு இருக்கா?"

பெருமை தாங்கவில்லை. வெளியே காட்டிக்கொள்ளாமல் "பார்க்கிறேன் சாமி" என்றேன். வீட்டுக்கு வந்ததும் புது நோட்டு ஒன்றை எடுத்து ஏழு அதிகாரம் என்று கோடு போட்டாயிற்று. நாற்பத்திரண்டு வயசு, கலியாணம் ஆகாதவள், ஊர் வாயில் இன்னும் 'மத்மசேல்', பிள்ளை பெறாதவள். பெற்றவர்களுக்குப் புத்தி சொல்லப் போகிறேன். ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

ஜூலை 7, ஞாயிறு

சபைக் கூட்டம். முப்பத்திரண்டு பெண்கள், எல்லோரும் பதினைந்துக்கு மேல், கலியாணம் ஆகாதவர்கள். கழுத்தில் நீல நாடா, அதன் நுனியில் மாதா பதக்கம். அந்த நாடாவைப் பார்த்துத்தான் இந்த ஊரில் பெண் கேட்டு வருகிறார்கள். தாய்மார் அதற்காகவே பிள்ளைகளை அனுப்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். எதற்காகவோ வருகிறார்கள், வந்தபின் செபிக்கிறார்கள். போதும்.

ஞானவாசகம் செசில் படித்தாள். பதினெட்டு வயசு. ஊருக்கு வெளியே சாரத்திலிருந்து நடந்தே வருகிறாள். அவள் படித்தால் பின்வரிசையில் கூட யாரும் இருமுவதில்லை. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து சைகோனில் செத்துப்போனவர். அம்மா சின்னப்பாப்பா, வீராம்பட்டினத்து மீன்காரர் வீட்டுப் பெண். கலியாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கியவள். இப்போது வயிற்றில் ஏதோ கட்டி, படுத்த படுக்கை. செசில்தான் சமைத்து, துவைத்து, அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டுக் கூட்டத்துக்கு வருகிறாள். அப்படியும் ஒரு நாள் தாமதம் இல்லை. எனக்குப் பிறகு சபையை நடத்த அவள்தான். யாரிடமும் சொல்லவில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

ஏழாம் அதிகாரம் முடிந்தது. 'தண்டனையும் திருத்தமும்'. மற்ற ஆறும் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். எழுதியதை நானே மூன்று தடவை வாய்விட்டுப் படித்தேன்:

"குற்றம் கண்ணால் கண்ட சாட்சியோடு வந்தபின் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். விசாரித்தால் பயத்தில் பொய் சொல்லுவாள். அந்தப் பொய்யின் பாவத்தில் கேட்டவளுக்கும் பங்குண்டு. ஆகையால் கேளாமல் திருத்துக. எல்லோர் முன்னும் விழுந்தவள் எல்லோர் முன்னும் எழவேண்டும்."

நன்றாக வந்திருக்கிறது. சொன்னால் தற்பெருமை. சொல்லாவிட்டால் பொய்.

ஆகஸ்ட் 15, வியாழன்

தேவமாதா மோட்சத்துக்கு எழுந்தேற்றமான திருநாள். சுற்றுப்பிரகாரத்தில் செசில் கொடி பிடித்தாள். லாரன்ஸ் வாத்தியார் வீட்டம்மா என் காதோரம் வந்து, "அந்தக் கொடி புடிச்ச பொண்ணு எப்படி? எங்க பெரியவனுக்குக் கேக்கலாம்னு இருக்கோம்" என்றாள். "என் மகளாக இருந்தால் எப்படிச் சொல்வேனோ அப்படிச் சொல்கிறேன், தாராளமாகக் கேளுங்கள்" என்றேன். இத்தனை சந்தோஷமாக இருந்து பல வருஷம் ஆகிறது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பூசை முடிந்ததும் பிலோமினம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். அவள் வீட்டுக்காரர் போலீஸ். வெள்ளிக்கிழமை வீராம்பட்டினத்துத் தேருக்கு பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார்.

"உங்க கொடி புடிச்சவளத்தான் பாத்தாராம். நெத்தியில குங்குமம். கூட ஒரு பையன். அம்மன் கோயில்லேருந்து ரெண்டு பேரும் சேந்து வெளிய வந்தாங்களாம். இவரு கண்ணால பாத்துட்டு வந்து சொல்றாரு, மத்மசேல்."

மாதா திருநாளுக்கு மறுநாள்! கொடி பிடித்த கை ஆறுவதற்குள்!

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. எனக்குக் கோபமா அவமானமா? லாரன்ஸ் வாத்தியார் வீட்டம்மாவிடம் என் மகள் மாதிரி என்று சொன்னேனே. அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. செசில் அல்ல, நான் சொன்ன வார்த்தை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சாமியாரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாடியைத் தடவினார்.

"அந்தப் பொண்ணக் கூப்ட்டு விசாரிச்சீங்களா?"

"கண்ணால் கண்ட சாட்சி இருக்கிறது, சாமி. இனி விசாரித்தால் அவளைப் பொய் சொல்லவைக்கிற மாதிரி. புத்தகத்தில் எழுதியிருக்கிறேனே, நீங்களும் படித்துச் சரி என்றீர்களே."

"எழுதுறது சரி..." என்று இழுத்தார். நான் விடவில்லை. சபைச் சட்டம் ஒருத்திக்கு ஒன்று, இன்னொருத்திக்கு ஒன்று இல்லை என்றேன். கெட்டிக்காரப் பிள்ளை என்று விட்டால் மற்ற முப்பத்தொரு பேருக்கு என்ன சொல்வது என்றேன். கடைசியில், "உங்க இஷ்டம்" என்றார்.

செப்டம்பர் 1, ஞாயிறு

முடிந்தது.

மாதா சுரூபத்தின் முன் அவளைத் தனியாக நிற்கச் சொன்னேன். பேரைப் படித்தேன், குற்றத்தைப் படித்தேன். அஞ்ஞானத் திருவிழாவுக்குப் போனது, அந்நிய ஆணோடு நடந்தது, நெற்றியில் குங்குமம் இட்டது. அவள் தலை குனியவில்லை, அழவும் இல்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ ஒன்று வரப்போகிறது என்று காத்திருக்கிற மாதிரி. என்ன வரப்போகிறது? நான் நாடாவின் ஊசியைக் கழற்றினேன். விரலில் குத்திவிட்டது. அவள்தான், "பாத்து, மத்மசேல்" என்றாள்.

பிறகு பின்பெஞ்சுக்குப் போய்க் கடைசிச் செபம் முடியும்வரை முழங்காலில் இருந்தாள். நாடாவை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன். துவைத்து இஸ்திரி போட்ட நாடா.

செப்டம்பர் 12, வியாழன்

லாரன்ஸ் வாத்தியார் வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். கொடுத்த மருந்து வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்ளவேண்டும்.

நினைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

செசில் ஐந்தாவது ஞாயிறாகப் பூசைக்கு வரவில்லை. திருத்தியவள் திருந்தி வரவேண்டும் என்று எழுதினேன். வராமலே போய்விட்டால் என்ன செய்வது என்று எந்த அதிகாரத்திலும் எழுதவில்லை.

நவம்பர் 20, புதன்

எப்படி எழுதுவேன்.

சின்னப்பாப்பா ஆள் அனுப்பி வரச்சொன்னாள். சாரத்துக்குப் போனேன். செசில் வீட்டில் இல்லை, தண்ணீருக்குப் போயிருந்தாள். அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறாள். எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். வயிறு மட்டும் மேடாக. "கதவச் சாத்துங்க டீச்சரம்மா" என்றாள்.

"எம் பொண்ணு தேரு பாக்கப் போவல. நாந்தான் அனுப்புனேன். மாதாவுக்கு வெள்ளியில வயிறு அடிச்சிப் போட்டேன். கொணமாவல. எங்கூரு அம்மனுக்கும் ஒண்ணு நேந்துக்கிட்டேன். ரெண்டு பேருல யாராச்சும் ஒருத்தி கேக்க மாட்டாளான்னுதான். நான் எழுந்து போவ முடியுமா? அவதான் போயி உண்டியல்ல போட்டுட்டு வந்தா."

கூடப் போன பையன் வடிவேல், சின்னப்பாப்பாவின் அண்ணன் மண்ணாங்கட்டியின் மகன். கிறிஸ்தவனைக் கட்டிக்கொண்டாள் என்று இருபது வருஷமாகப் பேசாத அண்ணன், தங்கை சாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டு மகனை அனுப்பியிருக்கிறான். அத்தை மகளைக் கூட்டம் நெரிக்காமல் கூட்டிப்போய்க் கூட்டிவந்தான். குங்குமம்? பூசாரி எல்லோருக்கும் வைத்தது.

"ஏன் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை?" என்று கத்திவிட்டேன். சாகக் கிடக்கிறவளிடம் கத்தினேன்.

"சொன்னா சாவுற நேரத்துல சாமியாரு வந்து எண்ணெ தொட்டு எனக்கு அவஸ்தைபூசுவாரா? கல்லறத் தோட்டத்துல எடம் குடுப்பாங்களா? எங்க வூட்டுக்காரரு சைகோன் மண்ணுல கெடக்குறாரு. நானாச்சும் சிலுவ போட்ட எடத்துல கெடக்கணும்னு அவகிட்ட சத்தியம் வாங்குனேன். வாயத் தொறக்கல எம் பொண்ணு."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். நெருப்பாகச் சுட்டது. "என்னப் பொதைக்கிற வரைக்கும் சொல்லாதீங்க. பொதச்சப்புறம் எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க. எந்த எடத்துல எடுத்தீங்களோ அந்த எடத்துலயே குடுத்துடுங்க. அவளுக்கு ஒரு வாழ்க்க வேணும்."

சத்தியம் செய்தேன். பதக்கத்தைத் தொட்டுச் செய்தேன்.

வெளியே வந்தால் குழாயடியிலிருந்து செசில் குடத்தோடு வருகிறாள். நின்றாள். நானும் நின்றேன். குடை பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். கேட்காமல் விட்டேனே. நான் கேட்டிருந்தால்? அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அதற்குத்தானா? ஐயோ, அதற்குத்தானா நின்ன, செசில்?

டிசம்பர் 9, திங்கள்

சின்னப்பாப்பா இறந்தாள். நேற்றே அவஸ்தைபூசுதல் ஆயிற்று.

டிசம்பர் 10, செவ்வாய்

அடக்கம். பாட்டும் தீர்த்தமும் சிலுவையும், எல்லாம் முறைப்படி. வீராம்பட்டினத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து கல்லறைத் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டார்கள். மண் போடும்போது செசில் என்னைப் பார்த்தாள். அம்மா என்னிடம் சொன்னது அவளுக்குத் தெரியும், அந்தப் பார்வையில் தெரிந்தது. இன்னும் நாலு வாரம், சபை கூடும் முதல் ஞாயிறு, ஜனவரி ஐந்து. சொல்லிவிடுவேன்.

1958 ஜனவரி 5, ஞாயிறு

சொல்லவில்லை.

அச்சகத்திலிருந்து புத்தகம் வந்துவிட்டது. நீல அட்டை. பங்குகளுக்கெல்லாம் மேலான மேற்றிராணியாரின் அனுமதி முதல் பக்கத்தில். இன்றைய கூட்டத்துக்கு வில்லியனூர், நெல்லித்தோப்புப் பங்குகளிலிருந்தெல்லாம் சபை நடத்துகிறவர்கள் வந்திருந்தார்கள். என்னை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். சாமியார் படித்துக் காட்டியது எந்த அதிகாரம்? ஏழாம் அதிகாரம். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு எழுந்து, இதே அதிகாரத்தால் ஒரு பெண்ணைக் கெடுத்தேன் என்று எப்படிச் சொல்வது? மாலையோடு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதம். கண்டிப்பாக அடுத்த மாதம்.

செசில் கோயில் வாசலில் கடைசிவரை நின்றிருந்தாளாம். பிலோமினம்மா சொன்னாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்கு: இப்போது சொன்னால் சின்னப்பாப்பாவின் கல்லறையைத் தோண்டிவிடுவார்களோ என்று. யாராவது தோண்டுவார்களா? இருபது வருஷமாக இந்தக் கோயிலில் இருக்கிறேன், அப்படி ஒன்றைக் கண்டதுண்டா? விக்தோரின், நீ பொய் சொல்கிறாய். யாரும் கேட்காமலே சொல்கிறாய்.

பிப்ரவரி 26, புதன்

செசிலுக்குக் கலியாணம் ஆகிவிட்டது. வீராம்பட்டினத்தில், வடிவேலோடு, அவர்கள் முறைப்படி. அதுவும் கலியாணமே கூடாத தபசுகாலத்தில். பால்காரி சொல்லித்தான் தெரியும்.

தாய் இல்லை, தகப்பன் இல்லை. கோயிலில் முகம் கொடுத்துப் பேச ஆள் இல்லை. எந்தப் பையனோடு சேர்த்து அவள் பேரைக் கெடுத்தேனோ, அவன் ஒருவன்தான் வந்து கூட்டிப் போயிருக்கிறான். வேறு எங்கே போவாள்? எந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தேன் நான்?

மார்ச் 2, ஞாயிறு

சொன்னேன். இரண்டு மாதம் கழித்துச் சொன்னேன்.

சுரூபத்தின் முன், நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, நேர்த்திக்கடன், வெள்ளித்தகடு, மாமன் மகன், சத்தியம் எல்லாவற்றையும் சொன்னேன். குற்றம் என்னுடையது, கேட்காமல் தண்டித்தேன் என்றேன். பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள்.

பின்னால் நின்ற தாய்மாரில் பிலோமினம்மாதான் முதலில் பேசினாள். "அதான் இப்ப அங்கியே போயி தாலி கட்டிக்கிட்டாளே, மத்மசேல்! அன்னிக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க சரியாத்தான் செஞ்சிருக்கீங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். நான் சரியாகச் செய்தேனாம்! அவளை அங்கே துரத்தியது நான். துரத்திவிட்டு, அங்கே போனதையே அத்தாட்சி ஆக்கிக்கொண்டோம். தொண்டை கிழியச் சொன்னேன், ஒருத்திக்கும் ஏறவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

இதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. மரித்தவர்களுக்காகச் சபையில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம், மாதம் ஒருமுறை படித்துச் செபிப்பது. நேற்று தாய்மார் கூடி அதிலிருந்து சின்னப்பாப்பாவின் பேரை அடித்துவிட்டார்கள். அம்மனுக்கு நேர்ந்துகொண்டவளாம். நான் சொன்னதால்தான் தெரிந்தது. மகளுக்கும் உதவவில்லை, தாயையும் காட்டிக்கொடுத்தேன்.

சாமியாரிடம் போய் அழுதேன். நாற்காலியை இழுத்து என்னை உட்காரவைத்தார். பிறகு மெதுவாக, "அந்தம்மா எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா அடக்கம் பண்ணாம விட்டிருப்பேன்னா நெனச்சீங்க? சாகப்போறவங்களுக்கு அவ்வளவு பயத்த யாரு குடுத்தது, விக்தோரின்?" என்றார்.

அவரா, நானா? அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். சபைத் தலைமை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஆறு மாதம் தைரியம் சேர்த்துக்கொண்டு வீராம்பட்டினம் போனேன். கைப்பையில் நாடா.

மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். வயிற்றில் ஐந்து மாதம். என்னைப் பார்த்ததும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "வாங்க மத்மசேல். வெயில்ல நடந்தா வந்தீங்க?" பாய் விரித்தாள். அங்கே அவளைச் செல்வாம்பாள் என்று கூப்பிடுகிறார்கள். செசில் என்று நான் கூப்பிட்டபோது பக்கத்து வீட்டுக்காரி யாரை என்று திரும்பிப் பார்த்தாள்.

சோறும் மீன்குழம்பும் போட்டாள். "வெள்ளிக்கெழம இல்லியா, மீனுதான், சாப்புடுங்க" என்றாள். வெள்ளிக்கிழமை நாங்கள் கறி தொடமாட்டோம் என்பதை இன்னும் நினைவு வைத்திருக்கிறாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். வாசலில் நின்றாளே ஜனவரியில், அதற்கும் கேட்டேன். நாடாவை எடுத்து நீட்டினேன். அவள் தொடவில்லை.

"அத வச்சிக்கிட்டு நான் இப்ப என்னா பண்ண, மத்மசேல்? நீங்களே வச்சிருங்க." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கு நீங்க கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அம்மாவுக்குச் சத்தியம் பண்ணியிருந்தேன். ஆனா நீங்க கேட்டிருக்கலாம்."

பஸ்ஸுக்கு வடிவேல் கூட வந்து ஏற்றிவிட்டான். நல்ல பையன்.

1959 மார்ச் 1, ஞாயிறு

செசிலுக்குப் பெண் குழந்தை. பால்காரி சொன்னாள். ஞானஸ்நானம் என்ற பேச்சே இருக்காது. யாருடைய ஆத்துமக் கணக்கில் இது சேரும் என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் 2, திங்கள்

கல்லறைத் திருநாள். மெழுகுதிரியோடு போனேன். தோட்டத்து வாசலில், வேப்பமரத்தடியில் செசில் நின்றிருந்தாள், இடுப்பில் குழந்தை. உள்ளே போகலாமே என்றேன். "வேணாம் மத்மசேல். பாக்குறவங்க ஒண்ணு சொல்லுவாங்க, எங்கம்மா காதுல வுழும். இத நீங்க வச்சிடுங்க" என்று தன் மெழுகுதிரியைக் கொடுத்தாள். ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது போய்விட்டிருந்தாள்.

1960 நவம்பர் 2

போன வருஷம் போலவே. மழை. திரி பற்றிக்கொள்ள நேரமாயிற்று.

1961 ஜூலை 5, புதன்

பழைய சாமியார் மாற்றலாகிப் போய் மூன்று மாதம் ஆகிறது. புதுச் சாமியார் கூப்பிட்டனுப்பினார். கைப்புத்தகம் தீர்ந்துவிட்டதாம், மறுபடி அச்சடிக்கிறார்களாம். ஏழாம் அதிகாரத்தை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, "எல்லாப் பங்குலயும் அந்த அதிகாரத்துக்குத்தான் புஸ்தகத்தையே கேக்குறாங்க. ஒரு எடத்துல தப்பிப்போச்சுன்னா சட்டம் தப்பாயிடுமா?" என்றார்.

அப்படியானால் என் பேரையாவது எடுத்துவிடுங்கள் என்றேன். அது மட்டும் நடந்தது. என் வார்த்தை இருக்கிறது, பேர் இல்லை. இனி அதை எழுதியவள் தப்பு என்று சொல்லக்கூட ஆள் கிடையாது.

1962 ஆகஸ்ட் 16, வியாழன்

இந்த ஊர் இன்று சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தாயிற்று. பிரெஞ்சுக் குடியாக இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாமாம். யோசிக்க ஆறு மாதம் தந்திருக்கிறார்கள். பரவாயில்லை, ராஜாங்கத்துக்குக் கூட அவரவர் வாயால் கேட்கத் தோன்றியிருக்கிறது.

செப்டம்பர் 2, ஞாயிறு

இப்போது சபையை நடத்துவது பிலோமினம்மாவின் மகள் ஓர்த்தான்ஸ். என்னிடம் தையல் படித்தவள். நான் மற்றவர்களோடு பெஞ்சில் உட்காருகிறேன், கலியாணமாகாத கிழவி, கழுத்தில் என் பழைய நாடா.

இன்று ரெஜின் என்ற பிள்ளையைச் சுரூபத்தின் முன் நிறுத்தினார்கள். பதினாறு வயசு. மேட்னி சினிமாக் கொட்டகையிலிருந்து வெளியே வந்ததை யாரோ பார்த்தார்களாம். ஓர்த்தான்ஸ் நீல அட்டைப் புத்தகத்தைப் பிரித்து, "கேளாமல் திருத்துக" என்று படித்தாள். நன்றாகப் படித்தாள். என் குரலில் அந்த வாக்கியம் இப்படித்தான் இருந்திருக்கும்.

ரெஜின் ஓர்த்தான்ஸின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எழுந்துவிட்டேன். "ரெஜின், நீ எங்கம்மா போன? எதுக்குப் போன?" என்று கேட்டேன். ஓர்த்தான்ஸ் "உக்காருங்க மத்மசேல்" என்றாள். உட்காரவில்லை. "அவள் சொல்லட்டும். சொல்லாட்டியும் பரவாயில்லை, கேளுங்க! அந்தக் கண்றாவிய எழுதுனவ நான்தான், நானே சொல்றேன், தப்பு, தப்பு, தப்பு!" என்று கோயில் என்று கூடப் பார்க்காமல் கத்தினேன். புத்தகத்தில் என் பேர் இல்லையே, யார் நம்புவார்கள். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஒருத்தி முணுமுணுத்தது கேட்டது.

அந்தப் பிள்ளையின் நாடாவை எடுத்துவிட்டார்கள். பிள்ளை அழுதுகொண்டே வெளியே ஓடியது. பின்னாலே போனேன், தெருமுனைவரை. என் நடைக்கு அவளைப் பிடிக்க முடியவில்லை. உண்மையிலேயே சினிமாவுக்குத்தான் போனாளோ, வேறெங்காவது போனாளோ, எனக்குத் தெரியாது. இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

அக்டோபர் 7, ஞாயிறு

இன்று என் முறை. சபைத் தலைவியை எதிர்த்துப் பேசியது, ஆலயத்தில் கூச்சலிட்டது. சாட்சி முப்பது பேர் இருக்கிறார்கள், விசாரணைக்கு என்ன அவசியம்? சுரூபத்தின் முன் நின்றேன். ஓர்த்தான்ஸ் நாடாவில் கை வைத்தாள். ஊசி கழலவில்லை. "பாத்து, குத்திக்கப் போற" என்று சொன்னேன். சொன்னபிறகுதான் அதை யாரிடமிருந்து கற்றேன் என்று உறைத்தது.

இருபத்தொரு வருஷத்து நாடா. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். கழுத்தில் அது கிடந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது.

அக்டோபர் 21, ஞாயிறு

யாரும் வருவதில்லை. பள்ளிக்கூடத்தில் கூட என்னைக் கண்டால் பேச்சு நின்றுவிடுகிறது. வைகிறவர்கள் இல்லை, பரிதாபப்படுகிறவர்கள்தான். செசிலுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அவளுக்குப் பதினெட்டு வயசுதான் அப்போது.

நவம்பர் 2, வெள்ளி

கல்லறைத் திருநாள். போகலாமா வேண்டாமா என்று மதியம்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனேன்.

வேப்பமரத்தடியில் செசில். மகளுக்கு நாலு வயசு ஆகப்போகிறது, அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். மெழுகுதிரிக்காகக் கையை நீட்டினேன். செசில் தரவில்லை. என் கழுத்தையே பார்த்தாள்.

"உங்க நாடா எங்க, மத்மசேல்?"

"எடுத்துட்டாங்கம்மா."

"ஏன்? என்னா நடந்திச்சி?"

ஒரு மாதத்தில் அதை என்னிடம் கேட்டவள் அவள் ஒருத்திதான். அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில், கல்லறைக்குப் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க. அவள் அவசரப்படுத்தவில்லை. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ரெஜினில் ஆரம்பித்து, ஏழாம் அதிகாரம்வரை பின்னாலே போய், எல்லாவற்றையும் சொன்னேன்.

பிறகு மெழுகுதிரியைக் கொடுத்தாள். உள்ளே போய்ச் சின்னப்பாப்பாவின் தலைமாட்டில் ஏற்றினேன். காற்று அதிகம், இரண்டு தடவை அணைந்தது. திரும்பி வந்தபோது அவள் போயிருக்கவில்லை. எனக்காக நின்றுகொண்டிருந்தாள்.